சுமையோடு ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டிய புரொப்பெல்லர்

கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் உள்ள டாஹோ ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃப்ளோரிடாவின் தாழ்வான ஏரிகளில் நீர்ச்சறுக்கு வீரர்களை அநாயாசமாக இழுத்த படகை இங்கே கொண்டுவந்து இறக்கினால் திணறும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சூப்பர்சார்ஜர் இல்லாத பெட்ரோல் எஞ்சின், 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் திறனை இழக்கிறது. டாஹோவில் இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். 400 குதிரைத்திறனுக்கு விலை கொடுத்தவருக்குக் கிடைப்பது 325 சொச்சம்தான். அதற்காக யாரும் எஞ்சினை மாற்றுவதில்லை, அடியில் இருக்கும் புரொப்பெல்லரைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் படகு வாங்கும்போது எஞ்சினைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பவர்கள் புரொப்பெல்லரைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறந்தாலும், ‘இதைப் போட்டால் எவ்வளவு வேகம் போகும்?’ என்பதோடு சரி. நீர்விளையாட்டுப் படகுக்கு அநேகமாகப் பயன்படாத கேள்வி அது.

நீர்விளையாட்டுக்கான இன்போர்டு படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். அதன் ஷாஃப்ட் படகின் அடிப்பலகையைத் துளைத்துச் சாய்வாக வெளியே வந்து, சுக்கானுக்கு முன்னால் புரொப்பெல்லரைச் சுழற்றும். இதழ்கள் படகின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்திருப்பதால்தான் பின்னால் சில அடி தூரத்திலேயே ஒருவர் பலகைமேல் நின்று அலையில் சறுக்க முடிகிறது. ஆனால் அவுட்போர்டு மோட்டாரைப் போல ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் வசதி இதில் கிடையாது. புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் பொறித்திருக்கும் எண்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன: விட்டம், பிட்ச், கப். தண்ணீரில் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். கப் என்பது இதழின் பின்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு விடப்படும் வளைவு. விரலால் தடவினால்தான் தெரியும். ஆனால் தண்ணீரை இறுகப் பிடிப்பதில் பிட்ச்சைக் கூட்டியது போன்ற பலனைத் தரும். விட்டத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, இதழின் நுனிக்கும் படகின் அடிக்கும் இடைவெளி வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 அங்குலப் பிட்ச் என்றால் சுற்றுக்கு 35.6 சென்டிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றி, கியர் அதை ஒன்றரைக்கு ஒன்றாகக் குறைத்தால் புரொப்பெல்லருக்குக் கிடைப்பது 3,333 சுற்று. ஏட்டளவில் படகு மணிக்கு 71 கிலோமீட்டர் போக வேண்டும். நழுவல் 15 சதவீதம் போனால் 60. இதே படகு அலைச்சறுக்குக்காக ஒரு டன்னுக்கும் மேல் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். எஞ்சின் 3,000 சுற்றில் இருந்தால் ஏட்டுக் கணக்கு 43 கிலோமீட்டர் என்று சொல்லும். ஆக, சுழற்சியில் பாதிக்கு மேல் நழுவலிலேயே போகிறது. படகு முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் ஆழ அமிழ்ந்து, தண்ணீர்மேல் எழும்பவும் முடியாமல் ஊர்ந்து போகவும் முடியாமல் தவிக்கும் நிலை அது. அலை பிறப்பதும் அந்த நிலையில்தான். எஞ்சின் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிக்கப்போகும் இடம் இதுவென்றால், டாப் ஸ்பீடுக்காகத் தேர்ந்த பிட்ச்சால் என்ன லாபம்?

பிட்ச்சைக் குறைத்தால் எஞ்சின் கத்தும், பெட்ரோல் குடிக்கும் என்பார்கள். சுமையில்லாமல் ஏரியைச் சுற்றி வரும்போது கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் பிட்ச் கூடிப்போன படகு, மலைப்பாதையில் டாப் கியரைவிட்டு இறங்க மறுக்கும் லாரியின் கதை. த்ராட்டில் முக்கால்வாசி திறந்திருக்கும், ஆர்.பி.எம். ஏறாது, சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். சத்தம் குறைவாக இருப்பதால் எஞ்சின் சுகமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வேகம் போய்விடுமே என்ற கவலைக்கும் பெரிய அடிப்படை இல்லை. நீர்ச்சறுக்கு ஸ்லாலம் போட்டிகளில்கூட ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அங்கே வேண்டியது அந்த வேகத்தை அசையாமல் நிறுத்துவது. வீரர் வளைந்து கயிற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஜீரோ ஆஃப் போன்ற ஜி.பி.எஸ். வேகக்கட்டுப்பாட்டுக் கருவி த்ராட்டிலைத் திறக்கும்; எஞ்சினில் மிச்ச பலம் இருந்தால்தான் அது பலிக்கும்.

கியர் பெட்டி செய்ய வேண்டிய வேலையைப் புரொப்பெல்லரின் தலையில் கட்டுவதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கியர் விகிதம் படகு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்று, 1.46, 1.76, 2 என்று அது படகுக்குப் படகு மாறும். அதனால்தான் பக்கத்துப் படகுக்காரர் சொன்ன எண்ணை அப்படியே வாங்கிப் போடுவது வீண். எஞ்சின் ஒன்றாகவே இருந்தாலும் கியர் வேறானால் புரொப்பெல்லரும் வேறு. சுழலும் திசையும் முக்கியம்: இன்போர்டுகள் பலவற்றில் அது இடப்பக்கச் சுழற்சி.

நம்பத்தக்க சோதனை ஒன்றுதான். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் நிரம்பிய தொட்டிகளோடும் நேராக முழுத் த்ராட்டிலில் ஓட்டி, ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். ஆர்.பி.எம். லிமிட்டர் குறுக்கிட்டால் குறைவு. ஓர் அங்குலப் பிட்ச்சுக்கு 150 முதல் 200 சுற்று வரை வித்தியாசம் வரும். சுமையில்லாமல் ஓட்டி எடுத்த எண்ணை நம்பி வாங்கினால் டாஹோவில் திணறிய கதைதான். ஃப்ளோரிடாவிலும் டாஹோவிலும் மாறி மாறி ஓட்டுபவர் இரண்டு புரொப்பெல்லர் வைத்துக்கொள்வதில் ஆடம்பரம் ஏதுமில்லை. மாற்றும்போது மட்டும், நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து இழுகருவியை முறுக்க வேண்டும். கூம்பிய ஷாஃப்ட்டிலிருந்து புரொப்பெல்லர் பெரும் சத்தத்தோடு விடுபடும். நட்டு இல்லாவிட்டால் காலில் விழும், அல்லது ஏரிக்குள் போய்விடும்.