கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்க வேண்டாம்

மாரி தொடங்குமுன், நீர் அடியில் கிடக்கும்போதே கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளிவிட வேண்டும் என்பது கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆனால் இடம்பெயர்ந்து போய்ப் பல ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் இறைப்பது சொந்த வளவுக் கிணற்றை மட்டுமல்ல. பாடசாலைக் கிணறு, ஆலயக் கிணறு, சனசமூக நிலையக் கிணறு என்று பொதுக் கிணறுகளும் உண்டு. மண்ணெண்ணெய்க்கும் கூலிக்கும் சங்கம் கணக்கு வைத்திருக்கும். இறங்குகிறவனின் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சென்ற ஆவணியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் இதைக் கண்டோம். பொதுக் கிணற்றருகே மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்க ஆயத்தமாக இருந்தார்கள். ஏன் என்று கேட்டோம்.

"தண்ணி கீழ போட்டுது ஐயா. மெசினையும் இறக்கினாத்தான் இழுக்கும்" என்றார் பெரியவர் ஒருவர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. மேலே வைத்த இயந்திரம் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கீழே கிடக்கும் நீரை நன்றாக இழுக்காது. புதுப் பம்பு வாங்கினாலும் இதே கதைதான். குழாய்க்குள் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அமுக்கம்; அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வரட்சி கூடக் கூட இயந்திரம் கீழே இறங்குகிறது. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது.

இயந்திரப் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. திறந்த வெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். கிணற்றுக்குள் அது போக வழியில்லை. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் அங்கேயே நிற்கும். முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்று, வாந்தி. ஏறி வருவோம் என்று நினைக்கும்போது முழங்காலில் பலமிராது.

"விளக்கு இறக்கிப் பார்ப்போமே" என்பார்கள். விளக்குச் சோதனை நல்லதுதான், ஆனால் அது பாதி உண்மையையே சொல்லும். ஒட்சிசன் மிகக் குறைந்திருந்தால் சுடர் அணையும். அணைந்தால் ஒருவரும் இறங்கக்கூடாது. காபனோரொட்சைட்டோ ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எரிகிறது என்று நம்பி இறங்கக்கூடாது. பெற்றோல் மணக்கும் கிணற்றில் சுடரே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால் தம்பி இறங்குவான், அவனுக்குப் பின்னால் தகப்பன் இறங்குவார். இது எம்மவரின் பழக்கம் மட்டுமல்ல. இப்படியான ஒடுங்கிய இடங்களில் இறந்தவர்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் 1986 இல் அறிவித்தது. பாசம் கண்ணை மறைக்கும் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. முன்னரே யோசித்து வைக்க வேண்டும்.

இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நச்சுவாயு இருக்கக்கூடிய இடத்துக்குள் தொழிலாளியை அனுப்புவது பற்றிச் சொல்கிறது. கயிறு பூட்டிய இடுப்புப் பட்டியும், வெளியே நின்று இழுத்தெடுக்கக்கூடிய காவலாளும் அதில் வருகின்றன. எமது ஊர்க் கிணற்றடிக்கு எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை. ஆனால் கயிறும் கப்பியும் நாலு ஆட்களும் எமது ஊரிலேயே உண்டு.

ஆகவே இயந்திரம் மேலேயே நிற்கட்டும், அதுவும் கிணற்று வாயிலிருந்து தள்ளி, புகை உள்ளே போகாத காற்றுப் பக்கத்தில். அது இழுக்காத மிச்ச நீரைக் கப்பியில் வாளி கட்டி அள்ளுங்கள். இலைக் கொப்புக் கட்டொன்றைக் கயிற்றில் கட்டிப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்குங்கள். ஊதுவிசிறி இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. இறங்குபவரின் நெஞ்சைச் சுற்றி, அக்குளுக்குக் கீழாகக் கயிறு கட்டுங்கள். அவரை நாலு அடி தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் அன்றைக்கு இறக்க வேண்டாம். பேச்சுக்குப் பதில் வராவிட்டால் உடனே இழுங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்ஸ் அழையுங்கள். யாராவது முன்னரே இயந்திரத்தை உள்ளே ஓட்டியிருந்தால், அன்று அந்தக் கிணற்றில் இறங்கும் வேலையே இல்லை.

மின்பம்பு வைத்திருப்போர் ஆள் இறங்குமுன் வயரைக் கழற்றிவிட வேண்டும். குளோரீன் தூளை எல்லோரும் மேலே வந்த பின்னரே போட வேண்டும். மலகூடக் குழியில் வேறு வாயு. முதலில் நாறும், கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதற்குள் இறங்கவே வேண்டாம். போர் நடந்த இடங்களின் பாழ்கிணறுகளில் வெடிபொருள் கிடக்கவும் கூடும்; ஐயமான இரும்பு ஏதும் தெரிந்தால் தொடாமல் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

அந்தக் கிராமத்தில் பெரியவர் கொஞ்சம் முறுகினார். பிறகு இயந்திரத்தை வேலியோரம் தூக்கி வைத்தார்கள். அரை நாள் வேலை ஒன்றரை நாளாயிற்று. சேற்றோடு ஒரு சைக்கிள் றிம்மும் இரண்டு அலுமினியப் பானைகளும் மேலே வந்தன. மேலதிக நாளுக்கான கூலியைச் சங்கம் கொடுப்பதா, பாடசாலை கொடுப்பதா என்று நாம் புறப்படும்வரை வாதம் நடந்துகொண்டிருந்தது.