இறக்கை மேல் சுழலாக்கிகள்

சில சிறு விமானங்களின் இறக்கை மேற்பரப்பில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள தகடுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். இவையே சுழலாக்கிகள், அதாவது வோர்ட்டெக்ஸ் ஜெனரேட்டர்கள். மெதுவாகப் பறக்கும்போதும் விமானம் விமானியின் கைக்கு அடங்கி நடக்க இவை உதவுகின்றன.

இறக்கையைத் தொட்டு ஓடும் காற்று, உராய்வால் வேகம் இழக்கிறது. அந்த மெல்லிய எல்லைப் படலத்தை 1904-இல் முதன்முதலாக விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல். இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் மிகக் குறைந்த இடத்தைத் தாண்டியதும், பின்விளிம்பை நோக்கி அழுத்தம் கூடிக்கொண்டே போகும். சோர்ந்துபோன படலம் அந்த அழுத்தத்தை எதிர்த்து முன்னேற வேண்டும். விமானம் வேகம் குறைந்து மூக்கை உயர்த்த உயர்த்த இந்த எதிர்ப்பு கடுமையாகிறது. எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையை எட்டும்போது படலம் நின்று, திரும்பி, பரப்பைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது. இதுதான் ஸ்டால். ஒரு பக்க இறக்கை ஸ்டாலில் முந்திக்கொண்டால் விமானம் சுழன்று விழத் தொடங்கும். தரைக்கு அருகே அதிலிருந்து மீள உயரம் போதாது.

சுழலாக்கி ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கும் குட்டி இறக்கைதான். காற்றோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிற்பதால் அதன் நுனியிலிருந்து ஒரு சுழல் கிளம்பிப் பின்னோக்கி நீள்கிறது. தோசை மாவை அடிவரை கலக்கும் கரண்டியைப் போல, அது மேலே ஓடும் வேகமான காற்றைப் பரப்புக்கு இறக்கி, சோர்ந்த காற்றை மேலே இழுத்துவிடுகிறது. புது வேகம் பெற்ற படலம் இன்னும் சில பாகைகள் வரை பிரியாமல் ஒட்டி ஓடும். யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எச்.டி. டெய்லர் 1947-இல் இந்த உத்தியை முன்வைத்தார்.

தகடுகளை எங்கே ஒட்டுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. காற்று ஏற்கெனவே பிரிந்துவிட்ட இடத்தில் வைத்தால் பயனில்லை. அளவுக்கு மீறி முன்னால் வைத்தால் பயண வேகம் குறையும். சிறு விமானங்களில் பெரும்பாலும் இறக்கை அகலத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் இடம் அமைகிறது. இறக்கையில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் பறந்து பார்த்தால், காற்று பிரியும் இடத்தில் அவை தாறுமாறாகத் துடிப்பதைக் காணலாம்.

ஸ்டால் நிகழும் வேகம் குறைவதைத்தான் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆனால் உண்மையான ஆதாயம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரான்களுக்கு முன்னால் காற்று ஒட்டி ஓடினால், ஸ்டாலின் விளிம்பிலும் அவை வேலை செய்யும். சாயும் இறக்கையை நிமிர்த்த முடியும். வால்பகுதியின் கிடைத்தகடு கீழ்நோக்கி விசை தருவதால், அங்கே சுழலாக்கிகளை அடிப்பக்கத்தில் ஒட்டுகிறார்கள். தரையிறங்கும் கணத்தில் மூக்கைத் தூக்க எலிவேட்டருக்கு வலு கூடுகிறது. இரட்டை எஞ்சின் விமானத்தின் செங்குத்து வாலில் ஒட்டினால், ஒரு எஞ்சின் நின்றுபோன நிலையிலும் ரடர் இன்னும் குறைந்த வேகம்வரை திசையைப் பிடித்து நிறுத்தும்.

ஸ்டால் வேகக் குறைவும் அற்பமானதல்ல. 50 நாட் (knot) வேகத்துக்குப் பதில் 45 நாட் வேகத்தில் தரையைத் தொட்டால், நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் 19 சதவீதம் குறைகிறது. எனினும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மூக்கு மிக உயர்ந்திருக்கும்போது வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். பிரமாதமாகச் சொல்லப்படும் சில முன்னேற்றங்கள் இந்தப் பிழையால் வந்தவை.

சுழலாக்கிகளுக்குச் சிறு விலையும் உண்டு. பயண வேகம் ஓரளவு குறையலாம். பனிக்காலத்தில், நிறுத்திவைத்த விமானத்தின் இறக்கைக்குப் போர்த்தும் உறையைத் தகடுகள் கிழிக்கக்கூடும். கூடுதல் கோணத்தைப் பயன்படுத்த மூக்கை அதிகம் உயர்த்தினால் ஓடுபாதை மறைவதோடு, வால் தரையில் மோதவும் வாய்ப்புண்டு. சான்றிதழ் பெற்ற விமானங்களில் உரிய அனுமதியின்றி இவற்றை ஒட்டவும் கூடாது.

பொருத்திய பின் விமானிகள் முதலில் போதிய உயரத்தில் ஸ்டாலை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். கிடைத்த ஆதாயத்தை இன்னும் மெதுவாகப் பறந்து செலவழித்துவிடாமல், தரையிறங்க அணுகும் பழைய வேகத்திலேயே வந்து பாதுகாப்பு இடைவெளியாக வைத்துக்கொள்வதே நல்லது.