பிறர் துயரை வாங்கும் உள்ளம்

ஐதராபாத்தின் பழைய நகரத்தில், முகரம் மாதத்துப் பத்தாம் நாளன்று தெருவோரத்தில் நின்று பார்த்தவர்கள், நான் சொல்லப்போவதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். தபீர்புராவிலுள்ள பீபி கா அலாவா என்னும் இடத்திலிருந்து, யானையின்மேல் ஏற்றிய புனிதச் சின்னம் புறப்படுகிறது. கருப்புடை தரித்தோர் வெறுங்காலுடன், மார்பில் அறைந்துகொண்டு பின்தொடர்கிறார்கள். கி.பி. 680 ஆம் ஆண்டில் கர்பலா வெளியில் நீரின்றித் தவித்து மாண்டவர்களுக்காக எழும் அழுகுரல், ஊர்வலம் சாதர்காட்டை அடையும்வரை ஓய்வதில்லை. வேடிக்கை பார்க்கவென்று வந்த வேற்று மதத்தினரும், அந்த வரலாற்றில் ஒரு பெயரையேனும் அறியாத சிறுவரும் சிறிது நேரத்தில் கண் கலங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறு நின்றவனே. எதற்காக அழுதாய் என்று கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரிந்திராது. பக்கத்தில் நின்றவர் அழுதார்; என் தொண்டையும் அடைத்துக்கொண்டது.

ஊர்வலம் கடந்ததும் வேடிக்கை பார்க்க வந்தவருள் பெரும்பாலோர் கண்களைத் துடைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விடுவர். சிலர் மட்டும் அந்த அழுகையைத் தம்முடன் வீட்டுக்கு எடுத்துச் செல்வர். இரவு அவர்களுக்கு உணவு இறங்காது. அண்டை வீட்டில் கணவனும் மனைவியும் வாய்ச்சண்டையிட்டால் இவர்களுக்குத் தலைவலி வரும். திருமணப் பந்தலில் ஊரே சிரித்துக்கொண்டிருக்க, மூலையில் ஒரு பெண்ணின் முகம் வாடியிருப்பது இவர்கள் கண்ணுக்கு மட்டும் படும். அதன்பின் பந்தியில் இட்ட இனிப்பு இனிக்காது. இவர்களை ‘தொட்டாற்சுருங்கி’ என்று சிலர் எள்ளுவதுண்டு. அப்பெயர் பொருந்தாது என்பது என் கருத்து. தொட்டாற்சுருங்கி தன்னைத் தொட்டால் சுருங்குகிறது. இவர்களோ பிறரைத் தொட்டாலும் சுருங்குகிறவர்கள். இத்தகையோரின் இயல்பைப் பற்றியே இப்பேச்சு.

ஒருவரின் உணர்ச்சி மற்றொருவரிடம் சென்று சேர்கிறது என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்திருக்கின்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்ச்சிகளை அது வகுக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. கூத்தனிடத்தே தோன்றியது காண்பவனிடத்தே சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை உரையாசிரியர் இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். ‘சென்றடைதல்’ என்பதே இங்கு முக்கியம். உணர்ச்சிக்கு ஒரு பயணம் உண்டு என்பதையும், அப்பயணத்தின் வழி உடம்பே என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர்.

மேலைநாட்டில் ஆதம் ஸ்மித் என்னும் பேரறிஞர் 1759 இல் அறநெறி பற்றி எழுதிய நூலில் இதையே வேறு காட்சியால் விளக்கினார். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் தள்ளாடும்போது கீழே நிற்கும் கூட்டம் தன்னையறியாமல் உடலை வளைத்து நெளிக்கிறது என்று அவர் எழுதினார். பொருளாதார நூலின் தந்தை என்று நாம் படித்த அவரே இதையும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்.

பிறந்து சில நாளே ஆன குழந்தை, வேறொரு குழந்தையின் அழுகுரலைக் கேட்டால் தானும் அழத் தொடங்குகிறது. மருத்துவமனைச் செவிலியர் அனைவரும் அறிந்த செய்தி இது. வெறும் இரைச்சலால் அழுகிறதோ என்று ஐயுற்று, செயற்கையாக உண்டாக்கிய அழுகையொலியை எழுப்பிப் பார்த்தனர். அதற்கு அவ்வளவு அழவில்லை. 1971 இல் வெளியான சோதனை இது. ஆகவே, பிறர் துயர் நம்மைத் தாக்குவது நாம் பின்னால் கற்றுக்கொண்ட நாகரிகமன்று. தாய்ப்பாலுடன் கூடவே வருவது.

நிற்க. எல்லாருக்கும் பொதுவான இவ்வியல்பு, சிலரிடம் ஏன் இத்துணை மிகுந்து காணப்படுகிறது?

அமெரிக்க உளநூலார் எலேன் ஆரன் அம்மையார் 1996 இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டில், தம் கணவருடன் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் எழுதினார். சிலருடைய நரம்பு மண்டலம், புறத்தே நிகழ்வனவற்றை ஆழமாக வாங்கி நெடுநேரம் அசைபோடும் இயல்புடையது என்பது அவர் கொள்கை. ஒளி, ஒலி, கூட்டம், பிறர் முகக்குறிப்பு யாவும் அவர்களை விரைவில் களைப்படையச் செய்கின்றன. இது நோயன்று, மருத்துவர்களின் நோய்ப்பட்டியல்களில் இதற்கு இடமில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2018 இல் மக்களை இவ்வகையில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் மிக்க நுண்ணுணர்வும், 40 பேர் இடைத்தரமும், எஞ்சியவர் குறைந்த தரமும் உடையவராகக் கண்டனர். இம்மூன்றுக்கும் இடையே மதிற்சுவர் எதுவுமில்லை. உயரத்திலும் நிறத்திலும் போலவே இதிலும் படிப்படியான வேறுபாடுதான். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில், இவ்வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பிறப்பிலேயே அமைவது என்றும், மீதி வளர்ப்பாலும் வாழ்க்கையாலும் வருவது என்றும் 2020 இல் தெரியவந்தது.

பிறர் உணர்ச்சியை நான் ‘உறிஞ்சிக்கொள்கிறேன்’ என்று சிலர் சொல்வதைக் கேட்கிறோம். கேட்க அழகாயிருந்தாலும் அச்சொல் முழு உண்மையன்று. 2004 இல் இலண்டனில் தானியா சிங்கர் அம்மையாரும் அவர் குழுவினரும் பதினாறு தம்பதியரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். மனைவியை மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, அருகில் கணவரை அமர்த்தி, ஒருமுறை மனைவியின் கையிலும் ஒருமுறை கணவர் கையிலும் வலியுண்டாக்கும் மின்னதிர்ச்சி கொடுத்தனர். வலியின் வேதனையை உணர்த்தும் மூளைப்பகுதிகள் இருமுறையும் கிளர்ந்தன. ஆனால் வலி எங்கே உண்டாயிற்று, எவ்வளவு உறைத்தது என்று அளக்கும் பகுதிகள், தன் கையில் பட்டபோது மட்டுமே கிளர்ந்தன. அதாவது, பிறர் வலியில் நமக்கு வந்து சேர்வது ஒரு பாகமே. கண்ணீர் வருகிறது, காயம் வருவதில்லை. மிக நுண்ணிய உள்ளமுடையவர்கூடப் பிறர் துன்பத்தை அப்படியே அறிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அடுத்தவரின் முகவாட்டத்தை இவர் பெருந்துயரென்று கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார். விடிந்து கேட்டால், அவருக்கு வெறும் பல்வலியாயிருக்கும்.

தமிழ்நாட்டில் இவ்வியல்பை ஒளிக்காமல் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் 1823 இல் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள். வாடிய பயிரைக் கண்டு அவர் வாடியதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். அது இடம்பெறும் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்ற நீண்ட பகுதியை முழுவதும் படித்தவர் சிலரே. அதில் தம்மைப் பற்றி அவர் கூறுவனவற்றைப் பாருங்கள். இருவர் உரத்துப் பேசிக்கொண்டால் உள்ளம் நடுங்கினாராம். யாரேனும் கதவை வலிந்து தட்டினால் கலங்கினாராம். காக்கை கரைந்தாலும் பருந்து கூவினாலும் மனம் குலைந்தாராம். பசியால் இளைத்து வீடுதோறும் இரந்து திரிவோரைக் கண்டும், தீராத நோயுற்றோரைக் கண்டும் துடித்தாராம். இதைப் பக்திப் பாடலாக மட்டும் படிப்போர் இவ்வரிகளை அலங்காரம் என்று கடந்துவிடுவர். ஆரன் அம்மையாரின் நூலைப் படித்தபின் இப்பகுதியை எடுத்தால், ஒரு மனிதர் தம் நரம்புகளின் நிலையை உள்ளபடியே ஆண்டவனிடம் முறையிடுகிறார் என்றே தோன்றுகிறது. அடிகளை உளநூற் சோதனைக்கு உட்படுத்துவது என் நோக்கமன்று. அத்தகைய துணிவு எனக்கில்லை. ஆனால் கதவு தட்டும் ஓசைக்குக் கலங்குவது வெட்கப்படத்தக்கதன்று என்பதற்கு அவரினும் பெரிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

அடிகள் கலங்கியதோடு நின்றிருந்தால் நமக்கு ஒரு நல்ல பாடல் மட்டுமே கிடைத்திருக்கும். 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பின் நெருப்பு இன்றுவரை காக்கப்பட்டு வருகிறது. பசித்து வருவோர்க்கு அங்கே நாள்தோறும் உணவிடுகின்றனர். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலில், பிற உயிரின் துன்பம் கண்டு உயிர் இரங்குவது ஏன் என்று வினவி, எல்லா உயிர்களுக்கும் இடையேயுள்ள சகோதர உரிமையே காரணம் என்கிறார். இரங்காதவர்களோ ஆன்ம அறிவென்னும் கண் மங்கியவர்கள் என்பார். நூலின் பெரும்பகுதியை அவர் ஒதுக்கியது இரக்கத்தை வருணிக்க அன்று, பசியை நீக்க. எந்தத் துன்பம் தம்மை மிகவும் துடிக்கவைத்ததோ, அதற்குச் சோற்றுப்பானையை விடையாக வைத்தார்.

அண்மைக் காலச் சோதனை ஒன்று இதனுடன் சேர்த்துப் பார்க்கத் தக்கது. சிங்கர் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகவே உணரும் பயிற்சியை முதலில் சிலருக்கு அளித்தனர். துயரக் காட்சிகளைப் பார்த்தபோது அவர்களுக்கு மனச்சோர்வு மிகுந்தது. பின்னர் அவர்களுக்கே, துன்புறுவோர் நலம்பெற வேண்டுமென்று அன்புடன் கருதும் பயிற்சி தரப்பட்டது. சோர்வு குறைந்தது, உள்ளத்தில் ஒரு தெம்பு பிறந்தது, மூளையில் கிளர்ந்த பகுதிகளும் வேறாயின. உடன் வருந்துதலும் அருளுதலும் ஒன்றல்ல என்பது இதனால் புலனாயிற்று.

இரக்கத்துக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை ஈந்த பேகனை வள்ளலென்று போற்றுகிறோம். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறிடத்தில் இருந்தான், அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் சென்று, பரிசில் கேளாமல், அவளிடம் திரும்பிப் போகுமாறே வேண்டினர் என்பதைப் புறநானூற்றில் காண்கிறோம். வழியில் நின்ற மயிலின் நடுக்கம் எட்டிய நெஞ்சுக்கு, வீட்டிலிருந்த பெண்ணின் கண்ணீர் எட்டவில்லை. பாடநூல்களில் மயிலை மட்டும் வைத்துவிட்டு மனைவியை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடன்று.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். நான் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். தமிழில் வரும் விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் பணிகளில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், கணவனை இழந்த ஓர் அம்மாளின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த நான்கு பக்கம், கீழே கைநாட்டு. படிக்கப் படிக்க எனக்கு எழுத்து மறைந்தது. அவருடைய துயரம் மேலதிகாரியின் நெஞ்சையும் தொடவேண்டுமென்று, மூலத்தில் இல்லாத உருக்கத்தையெல்லாம் கூட்டி இரவு வெகுநேரம் விழித்து எழுதினேன். அவ்வளவு உருக்கத்தில், கணவர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தேதியை எழுத மறந்துபோனேன். மூன்றாம் பக்கத்தின் நடுவே, அழுகைக்கிடையில் புதைந்திருந்த ஒரே ஒரு வரி அது. கோப்பு குறைபாட்டுடன் திரும்பி வந்தது. மறுபடியும் சுற்றி முடிய இரண்டு மாதம் கூடுதலாயிற்று. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நான் அறியேன். தவறு முற்றிலும் என்னுடையது. என் இளகிய மனத்தைப் பற்றி எனக்கிருந்த பெருமை அன்றோடு போயிற்று.

இவ்வியல்புடையோர்க்குச் சொல்லத்தக்க வழிகள் சில உண்டு. அவை புதியன அல்ல. மனம் திடீரென்று கனத்தால், இது எனக்குரியதா, இப்பொழுது என்னுடன் பேசியவருக்குரியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது பயன் தரும். துன்பம் கேட்டு வந்தபின் சிறிது தூரம் தனியே நடப்பதும், போதிய உறக்கமும் நல்லன. உறக்கம் குறைந்தவனுக்குப் பிறர் முகமெல்லாம் கோபமாய்த் தோன்றும். ஓயாமல் துயரச் செய்திகளைக் கேட்பதையும் அளவிட்டுக்கொள்ளலாம். செய்தி கேளாதவன் ஈரமற்றவன் ஆகிவிடமாட்டான். துயரம் பல வாரம் நீடித்து, உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் முடியாமற்போனால், அதை மென்மனம் என்று சொல்லி மூடிவைத்தல் கூடாது. மனநல மருத்துவரை நாடவேண்டும்.

வீட்டில் இத்தகைய குழந்தை இருந்தால் பெற்றோர் பொறுப்பு இன்னும் பெரிது. ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்று அதட்டுவதே நம் வழக்கம். இங்கிலாந்தில் வறுமை மிகுந்த ஒரு வட்டாரத்துப் பள்ளியில், பதினொரு வயதளவுள்ள பெண்பிள்ளைகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பயிற்சி ஒன்று அளித்தனர். 2015 இல் வெளிவந்த அதன் முடிவு கருதத்தக்கது. நுண்ணுணர்வு மிக்க பிள்ளைகளே அதனால் பயனடைந்தனர். மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் தெரியவில்லை. கடுஞ்சொல்லை எவ்வளவு ஆழமாக வாங்குகிறதோ, நற்சொல்லையும் அவ்வளவு ஆழமாக வாங்கும் நிலம் அது.

விண்ணப்பங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. இப்பொழுதெல்லாம் முதலில் ஒரு தனித்தாளில் பெயர், தேதி, தொகை, கோப்பு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறேன். அவற்றை மூலத்துடன் இருமுறை ஒப்புநோக்கிய பின்னரே, எஞ்சிய வரிகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன். அப்பொழுதும் சில சமயம் எழுத்து மறையத்தான் செய்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போகிறேன்.