கட்டியும் கட்டாத வீடு

நிலம் நடுங்கும் நேரம் – 14

சென்ற வாரம் 1934 ஜனவரியில், பீகாரில் நிறுத்தினோம். அங்கிருந்து பதினாறு மாதம் தள்ளி, அன்றைய இந்தியாவின் மேற்குக் கோடிக்குப் போவோம். ஊர் குவெட்டா. இன்று பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத் தலைநகர். அன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்லைப்புறப் பாசறை நகரம்.

1935 மே 31, அதிகாலை மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்கள். 7.7 அளவுள்ள நிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியது. இறந்தவர்கள் 30,000 பேர் என்பது ஒரு கணக்கு, 60,000 என்பது இன்னொரு கணக்கு. கொள்ளைநோய்க்குப் பயந்து ராணுவம் நகரத்துக்குள் யாரையும் விடவில்லை. நிவாரண வேலைக்கு வர அனுமதி கேட்ட காந்திக்கும் ராஜேந்திர பிரசாத்துக்கும்கூட மறுப்பே கிடைத்தது.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்களை ஒரு காட்சி நிறுத்தியது. சுற்றிலும் செங்கல் குவியலாகக் கிடந்த பகுதியில், ரயில்வே ஊழியர்களுக்காகப் புதிதாகக் கட்டிய குடியிருப்புகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அரண்மனையும் இல்லை, கோட்டையும் இல்லை; தாழ்வான, சாதாரணக் குவார்ட்டர்ஸ். அவற்றிலும் செங்கல்தான். அதே நிலம், அதே ஆட்டம். பிறகு எது வேறு?

அதைத் தெரிந்துகொள்ள நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

தண்டவாளம் சுவருக்குள் போன கதை

குவெட்டாவுக்குப் போகும் ரயில், போலன் கணவாய் வழியாக ஏறும். வழியில் மாச் என்று ஒரு சின்ன ரயில்வே ஊர். 1931 ஆகஸ்ட் 27 அன்று அங்கே ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. ரயில்வேக்கு நல்ல அடி. இனிமேல் இந்த வட்டாரத்தில் கட்டும் வீடுகள் நடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. பொறுப்பு எஸ்.எல். குமார் என்ற இளம் இந்தியப் பொறியாளரிடம் வந்தது.

குமாருக்குப் பின்பற்ற நம் நாட்டில் விதிநூல் எதுவும் கிடையாது. அவரே கணக்குப் போட்டார். வீட்டின் எடையில் இத்தனை பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தள்ளலைத் தாங்கும்படி சுவரை வடிவமைத்தார். ரயில்வேக்காரர் கைக்கெட்டிய இரும்பு எது? தண்டவாளம்தான். அதைச் சுவருக்கு எலும்பாக்கினார். 1933-ல் தன் முறையை ஆய்வுரையாக எழுதி, பஞ்சாப் பொறியியல் மாநாட்டில் வைத்தார். எந்தப் பகுதியில் எவ்வளவு ஆபத்து என்று இந்தியாவைப் பிரித்துக் காட்டும் வரைபடமும் அதில் இருந்தது. இந்தியாவின் முதல் நிலநடுக்க மண்டல வரைபடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டே வருடத்தில் தேர்வு வந்துவிட்டது. தேர்வு எழுதிய வீடுகள் தேறின.

செங்கல்லுக்குள் இரும்பை வைப்பது குமார் கண்டுபிடித்ததல்ல. 1825-ல் லண்டனில் தேம்ஸ் நதிக்கடியில் சுரங்கம் தோண்டிய மார்க் புரூனெல், அதன் செங்கல் கிணற்றுச் சுவரில் இரும்புக் கம்பிகளைச் செருகியிருந்தார். இந்தியாவிலேயே பொதுப்பணித் துறைப் பொறியாளர் பிரெப்னர், கம்பி வைத்த செங்கல் வேலையைச் சோதித்து 1923-ல் அறிக்கை வெளியிட்டிருந்தார். குமார் அந்த இரும்பை வேறொரு காரணத்துக்காக உள்ளே அனுப்பினார். மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்க அல்ல. பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்க.

‘கட்டு’ என்ற சொல்

தமிழில் வீட்டைக் ‘கட்டுகிறோம்’. விறகையும் கட்டுகிறோம், பூவையும் கட்டுகிறோம், காயத்துக்கும் கட்டுப் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஒன்றோடு ஒன்றைப் பிணைத்து, பிரியாமல் பிடித்து வைப்பது. ஆனால் செங்கல் மேல் செங்கல் வைத்து, நடுவே கலவை போட்டு எழுப்பும் சுவரில் அப்படி என்ன கட்டு இருக்கிறது? உற்றுப் பார்த்தால் அது அடுக்குதான். தன் எடையாலேயே நிற்கிறது. கீழ்நோக்கிய பாரம் இருக்கும்வரை செங்கல் அசையாது. இறுக்கி அமுக்கினால் செங்கல்லைப் போலத் தாங்குவது அரிது. இழுத்தால் மட்டும் கலவை விட்டுவிடும்.

நிலநடுக்கம் இழுக்கிறது. எப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்தடி நீளம், பத்தடி உயரம், 9 அங்குலக் கனத்தில் ஒரு செங்கல் சுவர் ஏறக்குறைய நான்கு டன் எடை இருக்கும். நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், ஒன்றே கால் டன்னுக்கு மேலான விசை அந்தச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதுவும் ஒரே பக்கமாக அல்ல. நொடிக்குச் சில தடவை முன்னும் பின்னும். ஓடும் பஸ் திடீரென்று நின்றால் நாம் முன்னால் சாய்வது போலத்தான். பஸ்ஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. சுவர் எதைப் பிடித்துக்கொள்ளும்?

பக்கத்துச் சுவரைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு பலகையை நட்டமாக நிறுத்தி அதன் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள், முறைத்துக்கொண்டு நிற்கும். முகத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும். வீட்டின் நான்கு சுவர்களில் எந்த நேரத்திலும் இரண்டு சுவர்கள் நீளவாக்கில் தள்ளப்படுகின்றன, இரண்டு முகத்தில் அடிவாங்குகின்றன. மூலையில் பிடிப்பு இருந்தால், பலமாக நிற்கும் சுவர்கள் பலவீனமாக நிற்கும் சுவர்களைத் தாங்கும். நிலம் திசை மாற்றி ஆடும்போது பாத்திரங்களும் மாறும். பிடிப்பு இல்லையென்றால் மூலை செங்குத்தாக விரியும், முகச்சுவர் வெளியே சாயும், தாங்க ஆளில்லாத கூரை உள்ளே விழும். விழும் கூரைதான் பெரும்பாலும் உயிரை எடுக்கிறது.

ஆக, ஒரு தளம் இரண்டு தள வீட்டை நடுக்கத்தில் காப்பது பருமன் அல்ல, பிணைப்பு.

நான்கு இடுப்புக் கயிறுகள்

குவெட்டாவை மறுபடி எழுப்பிய ராணுவ, ரயில்வேப் பொறியாளர்கள் இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஓடும் கட்டுகளைப் போட்டார்கள். அஸ்திவாரம் முடியும் மட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னல் தலைக்கு மேல் ஒன்று, கூரை உட்காரும் இடத்தில் ஒன்று, சாய்கூரை வீடானால் முக்கோண முகட்டுச் சுவரின் விளிம்பில் ஒன்று. நம் மேஸ்திரிகள் ‘பெல்ட்’ என்று சொல்வார்களே, அதுதான். செங்கற்களை நடுவில் பொந்து விழும்படி அடுக்கி, அந்தப் பொந்தில் செங்குத்தாகக் கம்பி இறக்கிக் கலவை நிரப்பும் ஒரு முறையும் இருக்கிறது. அதற்கு ‘குவெட்டா பிணைப்பு’ என்று பெயர். கட்டுமானப் பாடநூல்களில் ஓர் ஊரின் துயரம் இப்படிச் செங்கல் அடுக்கின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

இந்த நான்கில் தவிர்க்கவே கூடாதது எது என்று கேட்டால், பொறியாளர்கள் லிண்டல் மட்டத்துப் பெல்ட்டைக் காட்டுவார்கள். சுவர் அதிகம் ஓட்டையாவது கதவும் ஜன்னலும் இருக்கும் இடத்தில். துண்டு துண்டாகப் பிரியத் தயாராக இருக்கும் அந்த இடத்தில்தான் கட்டு வேண்டும். அதற்கு ஆகும் பொருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். குறைந்தது 75 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட் பட்டை; அதற்குள் குறைந்தது இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பிகள்; அவற்றைப் பிணைக்க 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் வளையம். அவ்வளவுதான்.

சுதந்திர இந்தியாவில் 1960-ல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கென்றே ஒரு மையம் வந்தது. 1962-ல் நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி வந்தது. 1967-ல் கட்டுமான முறைகளைச் சொல்லும் தனி விதியும் வந்தது. பெல்ட்டுகள் அச்சேறிவிட்டன. கிராமத்துக் கொத்தனாரின் கைக்கு வந்து சேர்ந்தனவா என்பது வேறு கேள்வி.

கில்லாரியில் ஒரே ஒரு கட்டடம்

அந்தக் கேள்விக்குப் பதில் 1993 செப்டம்பர் 30 அதிகாலை, நான்கு மணிக்குச் சற்று முன் கிடைத்தது. இடம், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம், கில்லாரி. முந்தைய இரவு பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்திருந்தார்கள். அளவு 6.2. குவெட்டாவோடு ஒப்பிட்டால் வெளியான ஆற்றல் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இறந்தவர்களோ ஏறக்குறைய 8,000 பேர். அன்றைய வரைபடத்தில் அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது.

வீடுகள் மெலிந்தவை அல்ல. இரண்டடிக்கும் மேல் கனமான கருங்கல் சுவர்கள். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் குறுக்கே ஊடுருவிப் பிடிக்கும் நீளக்கல் இல்லை. மேலே வெயிலுக்கு இதமாக மரச்சட்டத்தின் மீது கனத்த மண் கூரை. தலைமுறை தலைமுறையாக வெயிலையும் மழையையும் தாங்கிய வீடுகள்தான். ஆடியபோது சுவர் இரண்டு தோலாக உரிந்தது. மண் கூரை அப்படியே இறங்கியது. கனம் பாதுகாப்பு என்று நம்பியிருந்தார்கள். அந்தக் கனமே விசையாக மாறித் திரும்பி வந்தது.

அதே கில்லாரியில் லிண்டல் பெல்ட் போட்ட ஒரு கட்டடம் இருந்தது. அதற்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. சுற்றியுள்ள குவியல்களுக்கு நடுவே அது நிற்கும் புகைப்படத்தை இன்றும் பொறியியல் மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். குவெட்டாவில் எழுதி முடித்த பாடத்தை ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, கில்லாரி மறுபடி எழுதிக் காட்டியது.

கணினி பயந்த அளவுக்கு இல்லை

இதே 1933-ல், குமார் ஆய்வுரை வைத்த வருடத்தில், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலும் நிலம் ஆடியது. மார்ச் 10, மாலை ஆறு மணிக்குச் சற்று முன். செங்கல் பள்ளிக்கூடங்கள் பல இடிந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான சட்டம் வந்தது. கம்பியில்லாத செங்கல் வேலைக்கு அங்கே கதவு மூடியது. ஹாலோ பிளாக் பொந்துகளில் கம்பி இறக்கி, இளகிய கான்கிரீட் ஊற்றி நிரப்பும் முறை வளர்ந்தது.

அந்த வகைத் தாழ்வான கட்டடங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் ஒரு புதிர் எழுந்தது. பெரும் நடுக்கம் வந்தால் ஒரு கட்டடம் இடிந்து விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணினியில் கணிக்கும் முறையை, அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபெமா 2009-ல் வெளியிட்டது. வாய்ப்பு பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. உயரமான கட்டடங்களுக்குக் கணக்கு ஒத்துவந்தது. விறைப்பான, குட்டையான கட்டடங்களுக்கு மட்டும் கணினி அபாயமணி அடித்தது. உண்மையான நடுக்கங்களிலோ, ஒழுங்காகக் கம்பி வைத்த குட்டைக் கட்டடங்கள் விரிசல் விட்டன, உதிர்ந்தன, விழுந்தவை அபூர்வம். கணினி பொய் சொல்கிறதா, கட்டடம் பொய் சொல்கிறதா?

சான் டியேகோவில் திறந்த வெளியில் ஒரு பெரிய ஆட்டுமேடை இருக்கிறது. முழு அளவுக் கட்டடத்தையே அதன்மேல் எழுப்பி ஆட்டலாம். கம்பி வைத்த பிளாக் கட்டடங்களை அங்கே ஏற்றி, சேதமான பின்னும் விடாமல் ஆட்டிப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் அவை தாக்குப்பிடித்தன. காரணங்களில் முக்கியமானது இது: தள்ளும் திசைக்குக் குறுக்கே நிற்கும் சுவர்களைப் பழைய கணக்குகள் உதவாதவை என்று ஒதுக்கியிருந்தன. முகத்தில் தள்ளினால் ஒரு விரலுக்கு விழும் என்றோமே, அந்தச் சுவர்கள்தான். கூரையோடும் மூலையோடும் கம்பியால் பிணைத்துவிட்டால் அவையும் தோள் கொடுக்கின்றன. பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நீளவாக்குச் சுவர் நொறுங்கத் தொடங்கிய பிறகும் கூரையைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கணினி சுவர்களைத் தனித்தனியாக எண்ணியது. கட்டடம் ஒன்றாக நின்றது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இது கம்பி உள்ளே உண்மையாகவே இருந்து, பொந்து உண்மையாகவே நிரம்பிய சுவர்களின் கதை. கம்பி பாதியில் நின்றுபோன சுவரும், பொந்து காலியான சுவரும் வெளியே பூச்சுப் பூசியபின் பார்க்க ஒன்று போலவே இருக்கும். நிலத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

நம் ஊரிலும் லிண்டல் போடுகிறோம். கதவுக்கு மேலே ஒன்று, ஜன்னலுக்கு மேலே ஒன்று, இரு பக்கமும் அரையடி உட்கார வைத்து அதோடு நிறுத்திவிடுகிறோம். அது திறப்பின் தலைப்பாரத்தைத் தாங்கும், வீட்டைக் கட்டாது. 2002-ல் திருத்திய வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறிவிட்டது. தனித்தனியாக நிற்கும் அந்த லிண்டல் துண்டுகளுக்கு இடையில் விட்டுப்போனது சில அடிக் கம்பியும் சில சட்டிக் கான்கிரீட்டும்தான். அந்த இடைவெளிகளை நிரப்பி, கம்பியை மூலையில் மடக்கி, நான்கு சுவரையும் சுற்றி ஓட விட்டால், சாரத்தில் நிற்கும் கொத்தனார் செய்யும் வேலைக்குக் ‘கட்டு’ என்ற சொல் சரியாகப் பொருந்தும்.

அடுத்த வாரம்: மரச்சட்டத்தில் செங்கல்லைத் திணித்து, விரிசல்களோடேயே நடுக்கத்தைத் தாண்டிவிடும் காஷ்மீரின் ‘தஜ்ஜி’ வீடுகள்.

(நடுக்கம் தொடரும்)