தலைவருக்கு எட்டாத செய்தி

2000-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில், ஜப்பானின் ஒஸாகா நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும், கொழுப்புக் குறைந்த பாலை அருந்தியவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வைத்தியசாலைகளை நாடத் தொடங்கினர். அந்தப் பாலை விற்ற ஸ்நோ பிராண்டு என்னும் ஸ்தாபனம், 1925-இல் ஹொக்கைடோ தீவின் பண்ணைக்காரர்களுடைய கூட்டுறவாகப் பிறந்து, பின்னர் அத்தேசத்தின் தலைசிறந்த பால் கம்பெனிகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஜூன் 27-ஆம் தேதியே முதல் புகார் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் ஸப்போரோவில் பங்குதாரர்களின் வருடாந்தரக் கூட்டம் இருந்தமையால் மேலதிகாரிகளெல்லாம் அங்கே கூடியிருக்க, விஷயம் ஜனங்களுக்குத் தெரிவதற்கு 29-ஆம் தேதி ஆயிற்று. முடிவில் பாதிக்கப்பட்டோரின் தொகை 13,000-ஐத் தாண்டிவிட்டது.

ஜூலை முதல் தேதி நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், ஒஸாகா ஆலையின் குழாய் வால்வு ஒன்றில் அசுத்தம் படிந்திருந்ததாக ஆலை மேலாளர் சொல்ல, அருகில் அமர்ந்திருந்த கம்பெனித் தலைவர் இஷிகாவா, அது மெய்தானா என்று அத்தனை பேர் முன்னிலையிலும் அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். மூன்று நாள் கழித்து, மேலும் விளக்கம் வேண்டுமென்று நிருபர்கள் லிஃப்டு வரை துரத்தி வந்தபோது, தாம் தூங்கவே இல்லை என்று அவர் எரிந்து விழுந்தார். நாங்களும் தூங்கவில்லை என்று ஒரு நிருபர் பதில் கொடுத்தார். தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டப்பட்ட அந்தக் காட்சியைத்தான் விளம்பரத் துறை ஆசிரியர்கள் இன்றும் உதாரணமாக எடுத்துரைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் பெரிய குற்றம் லிஃப்டு வாசலில் நிகழ்ந்ததன்று. ஆலையில் தெரிந்த சங்கதி தலைவரின் செவிக்கு எட்டுமுன் பத்திரிகைகளின் செவிக்கு எட்டிய அந்த முதல் கூட்டத்தில் நிகழ்ந்தது. கோபத்தை அடக்கிக்கொள்ளப் பயிற்சி உண்டு. தெரியாததைச் சொல்லப் பயிற்சி ஏது?

வால்வு அபூர்வமாகவே உபயோகிக்கப்படுவது என்று முதலில் சொன்ன கம்பெனி, பின்னர் அதை அடிக்கடி உபயோகித்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இப்படி உண்மை தவணை முறையில் வெளிவந்ததே ஜனங்களின் நம்பிக்கையை அடியோடு போக்கியது. ஜூலை 6-ஆம் தேதி தலைவர் தாம் விலகுவதாக அறிவித்தார். சில தினங்களில் நாடெங்கும் இருந்த 21 பால் ஆலைகளும் நிறுத்தப்பட்டன.

விசித்திரம் என்னவென்றால், அத்தனை மன்னிப்புக்கும் காரணமான அந்த வால்வு பிரதான காரணமே அல்ல என்பது ஆகஸ்டில் புலனாயிற்று. வடக்கே ஹொக்கைடோவின் தைகி ஆலையில், மார்ச் 31-ஆம் தேதி, மின்சார அறையின் கூரை பனிக்கட்டி விழுந்து சேதமானதால் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டு, பதனிடப்பட்டுக்கொண்டிருந்த பால் வெதுவெதுப்பாகவே தங்கிவிட, அதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி பெருகி விஷத்தைச் சுரந்தது. சூடேற்றினால் கிருமி மடியும், விஷமோ மடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சாஸ்திர நுட்பம். அந்தப் பாலிலிருந்து செய்த பால்பொடியின் ஒரு பகுதி கிருமிச் சோதனையில் தேறாத போதிலும், அது வீணாக்கப்படாமல் கரைக்கப்பட்டு மறுபடி பொடியாகி, ஒஸாகாவுக்குப் பயணமாயிற்று.

இதே கம்பெனியில், 1955-ஆம் வருஷம், ஹொக்கைடோவின் யாகுமோ ஆலையில் மின்சாரம் தடைப்பட்டு, அங்கே செய்த பால்பொடியால் டோக்கியோ பள்ளிக்கூடங்களில் 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நோயுற்றார்கள். அன்றைய தலைவர் ஸாத்தோ விற்பனையை உடனே நிறுத்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், சிப்பந்திகள் அனைவருக்கும் ஒரு நிருபம் எழுதினார். புதிதாக வேலையில் சேருவோருக்கு வெகுகாலம் அது வழங்கப்பட்டு வந்தது. பிற்காலத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. வேறொருவரிடம் கற்க வேண்டிய பாடமில்லை. சொந்த வீட்டுப் பரணில் கிடந்த பாடம் அது.

ஸ்தாபனங்கள் வாய் திறவாதிருப்பதற்கு அகங்காரம் மட்டும் காரணமன்று. ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வார்த்தையும் நாளை நியாயஸ்தலத்தில் சாட்சியமாகும் என்று வக்கீலும், திரும்பப் பெறும் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம் என்று கணக்கரும் எச்சரிப்பது அவர்களது தொழில் தர்மம். கனடாவில் 2008-ஆம் வருஷம் மேப்பிள் லீஃப் கம்பெனியின் பதப்படுத்திய இறைச்சியில் லிஸ்டீரியா கிருமி புகுந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதன் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன், இவ்விரு தரப்பாரின் யோசனைக்கும் தாம் செவிசாய்க்கவில்லை என்று பகிரங்கமாகக் கூறி, பொறுப்பைத் தம் கம்பெனியின் மீதே சுமத்திக்கொண்டார். மாண்டவர் அதனால் மீளவில்லை. எனினும் எதை உண்ணலாகாது என்பதில் எவருக்கும் மயக்கம் இருக்கவில்லை.

குற்றம் நிரூபணமாகாத இடத்திலும் மௌனத்துக்கு விலை உண்டு என்பதற்கு நம் தேசத்திலேயே சான்று இருக்கிறது. 2015-இல் மேகி நூடுல்ஸில் ஈயம், அனுமதித்த அளவாகிய பத்து லட்சத்தில் 2.5 பங்குக்கு மாறாக, 17.2 பங்கு இருந்ததாகக் கல்கத்தா ஆய்வுக்கூடம் அறிக்கை தந்தது. அதைத் தயாரித்த நெஸ்லே கம்பெனி தன் சோதனைகளை நம்பி அதிகாரிகளோடு வாதித்துக்கொண்டிருந்ததே அன்றி, தாய்மாரிடம் நேரே பேசவில்லை. ஜூன் 4-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசும் மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாள் தேசமெங்கும் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்து, அதன் உத்தரவுப்படி மூன்று ஆய்வுக்கூடங்கள் பண்டத்தில் பழுதில்லை என்று சொல்வதற்குள், ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸ் சிமெண்டு ஆலைகளின் உலைகளில் எரிந்து போயிற்று.

வாசகர்கள் இத்தகைய சமயங்களில் கம்பெனியின் வருத்தத்தை அளந்துகொண்டிராமல், எந்த ஆலை, எந்தத் தொகுதி எண், பிரித்த பொட்டலத்தை என்ன செய்வது என்ற மூன்று வினாக்களுக்கு விடை கேட்க வேண்டும். உறையைக் குப்பையில் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, அதிலுள்ள தொகுதி எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.