கல் கணப்புக்குள் இரும்படுப்பு

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் இருப்பது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது இங்குதான். ஆயினும், இவ்வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் கட்டிய பங்களாக்களில், விறகெரிக்கும் கல் கணப்புகளை இன்றும் காணலாம். (அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய நம்மவரின் லயங்களில் கணப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது வேறு கதை.)

கணப்பு கண்ணுக்கு அழகு, பயனோ சிறிது. விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது. மற்றது புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அறையின் சூடான காற்றையும் உடன் இழுத்துச் செல்கிறது. முகம் வேகும், முதுகு நடுங்கும்! இக்குறை தீர்க்கவே பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் இரும்புக் கணப்பு ஒன்றை வகுத்தார். இன்றைய கதவடைத்த இரும்படுப்புகள் பாதிக்கு மேற்பட்ட வெப்பத்தை அறைக்குத் தருகின்றன.

அப்படியானால், பழைய அடுப்பொன்றை வாங்கிக் கணப்புக்குள் தள்ளிவிட்டால் போதாதா? போதாது, நண்பர்களே. அடுப்பின் புகைக்குழாய் பெரும்பாலும் 6 அங்குல விட்டமுடையது. அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். ஓர் அடிச் சதுரமான பழைய புகைபோக்கியின் பரப்போ 144. குறுகிய வாய்க்காலில் பாய்ந்த நீர் ஏரியில் விழுந்ததும் தேங்குவதுபோல், புகை அங்கே தயங்கிக் குளிர்கிறது. சுவரில் தாராகப் படிகிறது. அத்தார் என்றேனும் தீப்பற்றும். அன்றியும், இழுப்பு குறைந்தால் புகை அறைக்கே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக அதனைப் பற்றிக்கொள்ளும். குளிருக்கு அஞ்சி மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர் மீளாத செய்திகள் மலையூர்களுக்குப் புதியன அல்ல.

ஆகவே, அடுப்பிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்க வேண்டும். செலவு இதில்தான், இதனை மிச்சம் பிடிப்பது மடமை. அதற்குமுன் உள்ளே படிந்த கரியையும் தாரையும் முற்றும் துடைத்தெடுக்க வேண்டும். கணப்பின் மேல்வாயில் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தகட்டால் அடைக்க வேண்டும். இன்றேல் சூடு வீணே மேலேறும். குழாய்களைப் பொருத்தும்போது மேற்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் செல்லவேண்டும். புகை கசியுமே என்று அஞ்சிப் பலர் மாற்றிப் பொருத்துவர். இழுப்பு நன்றாயிருந்தால் புகை கசியாது. கசிவது கீழிறங்கும் தாரே. உச்சியில் மழைமூடி இன்றியமையாதது. தென்மேற்குப் பருவமழை இம்மலையில் எப்படிப் பெய்யும் என்று சொல்லவும் வேண்டுமோ!

பழைய அடுப்பை வாங்குமுன் இருட்டறையில் அதனுள்ளே டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள், விரிசல் தெரிந்துவிடும். கதவிடுக்கில் தாளொன்றை வைத்து மூடி இழுங்கள். எளிதில் வந்தால் கதவைச் சுற்றிய கயிற்றை மாற்ற வேண்டும். மிகப் பழைய அடுப்புகளில் அது கல்நார்க் கயிறாக இருக்கலாம். அதனைச் சுரண்டித் தூள் கிளப்பலாகாது.

விறகைப் பொறுத்தவரை, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கென நட்ட யூகலிப்டஸ் இங்கே தாராளம். பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, ஓராண்டேனும் உலர்த்தியே எரிக்க வேண்டும். ஈர விறகு தார் தரும், சூடு தராது. குழாயை ஆண்டுக்கொரு முறையேனும் தூரிகையிட்டுத் துடைக்க வேண்டும். குளிர் தொடங்குமுன், மழை ஓய்ந்த நாட்களில் செய்வது நன்று.