திரும்பி வரும் மடலை வாசியுங்கள்

சேர வேண்டியவர் கிடைக்காத கடிதத்தைத் தபாற்காரர் திருப்பிக் கொண்டு வரும்போது உறையின் மேல் அதற்கான காரணம் எழுதப்பட்டிருக்கும். மின்னஞ்சலும் அப்படித்தான், காரணத்தைச் சுமந்துகொண்டே திரும்புகிறது. நம்மவர் பலரோ 'மெயிலர் டீமன்' என்ற பேரைக் கண்டதும் வைரஸ் என்று அஞ்சி, வாசிக்காமலே அழித்து விடுகிறார்கள். பின்னணியில் தன்பாட்டில் இயங்கும் நிரலுக்குக் கணினித் துறையில் வழங்கும் பேர்தான் டீமன்.

உயர்தரம் முடித்த மாணவன் ஒருவன் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்தான். மறுநாள் முகம் வாடி வந்து நின்றான். "சேர், என்னைய எடுக்கல்லயாம்." போனை வாங்கிப் பார்த்தேன். 'ரிஜெக்டட்' என்றுதான் இருந்தது. நிராகரிக்கப்பட்டது அவனல்ல, மடல். பக்கத்தில் 552 என்ற எண்: பாரம் அதிகம் என்று அர்த்தம். அங்கே ஏற்கும் எல்லை 10 மெகாபைட். "என்ட ஃபைல் 9 தானே சேர்?" என்றான். நியாயமான கேள்வி. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கவே உண்டானது; படத்தையும் கோப்பையும் அது எழுத்தாக மாற்றித்தான் எடுத்துச் செல்லும். அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்து விடும். 9 என்பது வழியில் 12ஐத் தாண்டும். சான்றிதழ்களைச் சிறிய அளவில் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம், போய்ச் சேர்ந்தது. முடிவுத் திகதிக்கு இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜொன் போஸ்டல் 1982இல் எழுதியபோதே இந்த மூன்றிலக்க எண்களும் அதில் இடம்பெற்றன. 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பும் சேவையகமே சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும், நாம் சும்மா இருக்கலாம். 5இல் தொடங்கினால், காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி அனுப்பிப் பயனில்லை.

அதிகம் காண்பது 550. பெரும்பாலும் அப்படியொரு முகவரியே இல்லை என்பதுதான். முஹம்மத் என்ற பேரை ஆங்கிலத்தில் எழுத நம்மிடம் எத்தனை வழி! ஓ போடுபவர், யூ போடுபவர், ஒரு எம், இரண்டு எம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. மனிதர் ஊகித்துக்கொள்வார், சேவையகம் ஊகிக்காது. பிழையான எழுத்துக்கூட்டல் வேறொருவரின் முகவரியாக அமைந்து விட்டால் மடல் திரும்பவும் வராது. ஆகவே முகவரியைக் காதால் கேட்டு எழுதாதீர்கள், எழுதி வாங்குங்கள். பெட்டி நிறைந்தாலும் மடல் திரும்பும். ஜீமெயிலின் இலவச 15 ஜிகாபைட்டில் கூகுள் போட்டோசில் ஏற்றிய கல்யாணப் படங்களுக்கும் பங்குண்டு.

திரும்பாமல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுவதுதான் இன்னும் மோசம், ஏனெனில் அனுப்பியவருக்கு அது தெரிய வராது. (ஸ்பேம் என்பது தகரத்தில் அடைத்த பன்றி இறைச்சியின் வணிகப் பேர். நமக்கு எந்த வகையிலும் ஆகாத சாமான்!) பழைய நெறிமுறை அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கவில்லை. யாரும் யார் பேரிலும் அனுப்பலாம். அந்த ஓட்டையை அடைக்க வந்தவையே எஸ்.பி.எப்., டிகிம், டிமார்க் என்னும் மூன்று சோதனைகள். ஜீமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டுமென 2024 பெப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது. சிறிய அனுப்புநருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். சொந்த இணையப் பேரில் அறிவித்தல் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், தளத்தை அமைத்துத் தந்தவரிடம் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தனிப்பட்ட ஜீமெயிலில் இந்தக் கவலை இல்லை. ஆனாலும் கேட்காதவர்களுக்கெல்லாம் ஒரே தடவையில் அள்ளி அனுப்புவது, எழுத்தே இல்லாமல் படத்தை மட்டும் வைப்பது இரண்டும் ஸ்பேம் பெட்டிக்கு வழிகாட்டும். பெறுபவர் நமது முகவரியைத் தன் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் நல்லது.

நீங்கள் அனுப்பாத மடல் திரும்பி வந்தால், யாரோ உங்கள் பேரில் அனுப்பியிருக்கலாம். அனுப்பியவை பகுதியைப் பாருங்கள். அங்கே தெரியாத மடல்கள் கிடந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். திரும்பி வந்த மடலே கடவுச்சொல் கேட்டால் அது போலி.